பெண் ஒன்று, பெண் இரண்டு

சாலிகிராமம், சென்னை
3 ஜூன் 2025

செல்விக்கு,

போனை அணைத்து வைத்திருக்கிறாய். நான் அனுப்பிய மெசேஜ் எல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கின்றன. கூப்பிட்டாலும் உனக்குக் கேட்காது. அதனால் தபால் ஆபீசுக்குப் போய்க் கவர் வாங்கினேன். ஸ்பீடு போஸ்டா என்று கேட்டார்கள். சாதாரணத் தபால்தான் என்றதும் கவுண்டரில் இருந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கை தானாகவே லைட் ஸ்விட்சைப் போட்டுப் போட்டு அணைக்கிறது. அடுப்படியிலிருந்து நீ எட்டிப் பார்ப்பாய் என்று ஒரு நிமிஷம் நிற்கிறேன். அப்புறம் செருப்பைக் கழற்றுகிறேன்.

நீ வேண்டாம் என்று சொன்ன வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். மறைக்கவில்லை. பட்டாசுத் தொழிலாளிகளுக்குக் காட்டப்போகும் பாதுகாப்புப் படம், அனிமேஷனில். "நீ விருதுநகர் ஆளுதானய்யா, நீயே பண்ணு" என்று ஜெயச்சந்திரன் சார் என் தலையில் கட்டிவிட்டார். எங்கள் ஊர் மல்லாங்கிணற்றில் சோளத்தையும் பருத்தியையும் தவிர என்ன பார்த்தேன் நான்? ஒரு பட்டாசுக் கம்பெனியின் கேட்டைக்கூடத் தாண்டியதில்லை. நம் கல்யாணத்துக்கு முன்னால் நடந்த வெடிவிபத்தில் உன் அக்கா சின்னத்தாய் போய்விட்டாள், உன் காதும் போய்விட்டது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதற்கு மேல் நீ சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அன்றைக்கு மொட்டை மாடியில் நீ என்னைத் திட்டியிருக்கலாம். மறுநாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு, "அப்பாவப் பாத்துட்டு வாரேன்" என்று மட்டும் சொன்னாய். எப்போது வருவாய் என்று சொல்லவில்லை.

வருவாயா?

பாலகுரு


விஸ்வநத்தம்
12 ஜூன்

மாமாவுக்கு,

கடிதம் வந்தது. தபால்காரர் அப்பாவிடம் கொடுக்க, அப்பா அதைப் பிரிக்காமல் என் மடியில் வைத்துவிட்டு, "மாப்பிள்ளைகிட்ட எதுவும் சண்டையா?" என்று வாயசைத்தார். இல்லை என்று தலையாட்டினேன். அவர் நம்பவில்லை.

நான் கோபித்துக்கொண்டு வரவில்லை. கோபம் வந்திருந்தால் அங்கேயே உட்கார்ந்து சண்டை போட்டிருப்பேன், என்னைத் தெரியாதா உங்களுக்கு? எனக்கு அங்கே மூச்சு முட்டியது. மொட்டை மாடியில் போனைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னீர்கள்? மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். "பயந்த மாதிரி ஓடு." நான் உங்கள் உதட்டைச் சரியாகத்தான் படித்தேன். உங்களுக்காக ஓடினேன். தண்ணீர்த் தொட்டிவரை ஓடியதும் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தீர்கள். நல்லவர்தான். ஆனால் போனை நிறுத்தாமல் கையிலேயே வைத்திருந்தீர்கள்.

இங்கே சீசன் சூடு பிடித்துவிட்டது. காலையில் கம்பெனி வேன் வந்து நின்றதும் தெருவில் பாதி வீடு காலியாகிவிடுகிறது. அப்பா இப்போது பெட்டி லோடு ஏற்றுகிற இடத்தில்தான் வேலை பார்க்கிறார். வெடிமருந்துப் பக்கமே போவதில்லை. நான் சோறு பொங்கிவிட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். சென்னையில் இந்த நேரத்துக்கு நீங்கள் சாப்பாட்டை மறந்துவிட்டு அந்தக் கம்ப்யூட்டருக்கு முன்னால் கூனிக்கொண்டு இருப்பீர்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. அந்தப் பொம்மைகளை எப்படித்தான் நடக்க வைக்கிறீர்கள்? ஒவ்வொன்றாக வரைய வேண்டுமா? கூடவே இருந்தும் ஒருநாளும் நான் கேட்டதில்லை, பாருங்கள்.

செல்வி


சாலிகிராமம்
19 ஜூன்

செல்வி,

முதல் வேலையாக அந்த வீடியோவை அழித்தேன். நீ கேட்கவில்லை. ஆனாலும் அழித்தேன்.

இரண்டாவது, உன் கேள்வி. நீ கேட்டது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை.

எல்லாவற்றையும் வரைவதில்லை. பொம்மை முன்பே தயாராக இருக்கும். முக்கியமான இடங்களில் அது எப்படி நிற்க வேண்டும் என்று நான் சொல்ல வேண்டும். இந்த நொடியில் கால் இங்கே, கை இங்கே, தலை இந்தப் பக்கம். அப்படிச் சொல்லும் ஒவ்வொரு இடத்துக்கும் கீஃப்ரேம் என்று பேர். நாங்கள் கீ என்போம். திரைக்குக் கீழே ஒரு கோடு ஓடும், அதில் சின்னச் சின்னச் சோழிமுத்து மாதிரி அவை கிடக்கும். ஒரு கீக்கும் அடுத்த கீக்கும் நடுவில் உள்ள அசைவை மெஷின் தானே நிரப்பிக்கொள்ளும். சரியாக நிரப்பாது. தண்ணீரில் நடக்கிற மாதிரி வழவழவென்று இருக்கும். அப்புறம்தான் உண்மையான வேலை. எந்தக் கீ வேண்டும், எது வேண்டாம் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்து, கொஞ்சம் முன்னால் தள்ளி, கொஞ்சம் பின்னால் இழுத்து, சிலதை அழித்து... நாள் முழுக்க இதுதான். கைக்கு உள்ள கீயைத் தேர்ந்தெடுக்காமல் உடம்பை மட்டும் நகர்த்தினால் கை அந்தரத்தில் நிற்கும். அப்படி எத்தனையோ தடவை நின்றிருக்கிறது.

படத்தில் இரண்டு பெண்கள். பேர்கூடக் கிடையாது, ஃபைலில் 'பெண் ஒன்று', 'பெண் இரண்டு' என்று இருக்கும். தீப்பொறி விழுந்ததும் இருவரும் ரூமை விட்டு ஓட வேண்டும். ஓடுகிறார்கள். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற மாதிரி ஓடுகிறார்கள். ஜெயச்சந்திரன் சார் "போதும்யா, இது என்ன சினிமாவா?" என்கிறார். எனக்குப் போதவில்லை.

உன்னிடம் இனி எதுவும் கேட்க மாட்டேன். சாயங்காலம் ஆனால் பால்கனியில் நீ உட்காரும் மூலையில் வெயில் வந்து விழுகிறது. அந்த இடத்தில் நாற்காலியைப் போட மனசு வரவில்லை.

பாலகுரு


விஸ்வநத்தம்
3 ஜூலை

மாமாவுக்கு,

எழுதி எழுதிக் கிழித்தேன். இது கிழியாமல் வந்து சேர்ந்தால் படித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் படத்தில் ஒரு தப்பு இருக்கிறது. யாரும் ஓடவில்லை.

ரூமில் நாலு பேர் இருக்க வேண்டிய இடத்தில் நாங்கள் நிறையப் பேர் இருந்தோம். ஆர்டர் நெருக்கடி. கட்டி முடித்த சரக்கு வெளியே போகாமல் அட்டைப்பெட்டி பெட்டியாக வாசலில் அடுக்கியிருந்தது. ஒருவர் பின்னால் ஒருவர்தான் போக முடியும், அதுவும் ஒருக்களித்து. வாசலைப் பார்த்து உட்கார இடம் இல்லாமல் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். அக்கா வாசலை ஒட்டி இருந்தாள்.

முதலில் சின்னதாக ஒரு சீறல். எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் பட்ட மாதிரி. எல்லோரும் அப்படியே நின்றார்கள். மருந்து பட்ட கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் என்னவென்று புரியாமல் உட்கார்ந்தே இருந்தேன். அக்கா வெளியே ஒரு காலை வைத்துவிட்டாள். போயிருக்கலாம். திரும்பிப் பார்த்து, "ஏ செல்வி!" என்றாள்.

நான் கடைசியாகக் கேட்டது அதுதான். என் பேர்.

உள்ளே வந்து என்னைத் தூக்கி நிறுத்தி அந்தப் பெட்டிச் சந்துக்குள் தள்ளினாள். முதுகில், இரண்டு தோளுக்கும் நடுவில், அவள் உள்ளங்கை. பிறகு நான் வேப்பமரத்தடியில் கிடந்தேன். எல்லோருடைய வாயும் அசைந்தது. சத்தம் இல்லை.

அப்பாவுக்கு இது தெரியாது. வாசல் பக்கத்தில் இருந்தவள் ஏன் வெளியே வரவில்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்பார். இப்போது கேட்பதை நிறுத்திவிட்டார். நான் எப்படிச் சொல்வது? நான் இருக்கிறேன், அதனால் அவள் இல்லை என்றா?

இது உங்கள் படத்துக்கு இல்லை. உங்களுக்கு மட்டும்.

செல்வி


சாலிகிராமம்
14 ஜூலை

செல்வி,

இதைப் படித்துவிட்டு நீ எனக்குப் பதிலே போடாமல் இருக்கலாம். ஆனாலும் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஆபீசுக்குப் போனேன். ஓட்டத்துக்காக வைத்திருந்த கீக்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்தேன். எல்லோரையும் நிற்க வைத்தேன், கையைத் தூக்கிக்கொண்டு. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். கை நிற்கவில்லை. பெண் ஒன்று வெளியே கால் வைக்கிறாள், நிற்கிறாள், திரும்புகிறாள். அவள் திரும்புவதைக் கொஞ்சம் தாமதமாக்கலாம் என்று உடம்பின் கீக்களைப் பிடித்துப் பின்னால் நகர்த்தினேன். கையின் கீயைச் சேர்த்துத் தேர்ந்தெடுக்க மறந்துவிட்டேன். போட்டுப் பார்த்தால், உடம்பு திரும்புவதற்கு முன்பே கை உள்ளே நீண்டுவிட்டது. நான் அதைத் திருத்தவில்லை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். யாருக்கும் காட்டுவதற்காகச் செய்யவில்லை, செல்வி. உன் அக்காவை நான் பார்த்ததே இல்லை. ஒரு தடவை பார்க்க வேண்டும் போல இருந்தது.

சார் பின்னால் நின்றிருக்கிறார். எனக்குத் தெரியாது. நான் டீ குடிக்கப் போன நேரத்தில் அந்தத் துண்டை எடுத்துப் படம் கேட்டவர்களுக்கு அனுப்பிவிட்டார்.

அவர்கள் பக்கம் பொறுப்பாளர் சங்கரபாண்டியன் என்று ஒருவர். நேரிலேயே வந்துவிட்டார். "தம்பி, உசிரோட்டமா இருக்கு. ஆனா திரும்பி உள்ள போறதுதான் பெரிய தப்பு. அந்தப் பொம்பள மேல பெருசா ஒரு செவப்புக் குறி போட்டு, இப்படிச் செய்யாதீகன்னு எழுதீருங்க" என்றார். கெட்ட மனிதர் இல்லை. எத்தனையோ விபத்தைப் பார்த்தவராம்.

முடியாது என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார்கள். ஏன் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. உங்களுக்கு மட்டும் என்று நீ கொடுத்ததை நான் பத்திரமாக வைத்துக்கொள்ளவில்லை. வேலையை விட்டுப் போகச் சொன்னால் போகிறேன். நீ சொல், நான் என்ன செய்யட்டும்?

பாலகுரு


விஸ்வநத்தம்
22 ஜூலை

மாமாவுக்கு,

இரண்டு நாள் உங்கள் மேல் ஆத்திரம் தீரவில்லை. மாவாட்டும்போதெல்லாம் உங்களைத்தான் ஆட்டினேன். இப்போது கொஞ்சம் ஆறியிருக்கிறது.

வேலையை விட வேண்டாம். சங்கரபாண்டியன் சொன்னதில் தப்பில்லை. வேலையில் சேர்ந்த அன்றைக்கே சொல்வார்கள், சீறல் கேட்டால் திரும்பாதே, எதையும் எடுக்காதே, போய்க்கொண்டே இரு என்று. அக்காவுக்குத் தெரியாதா? புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு அவள்தான் சொல்லிக்கொடுப்பாள்.

ஆனால் அவள் மேல் குறி போட்டால், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? புத்தி கெட்டவள், திரும்பிப் போய்ச் செத்தாள் என்றுதானே? அந்த வாசல் வாசலாக இருந்திருந்தால் அவள் திரும்பியிருக்கவே வேண்டாம். கையை நீட்டியிருந்தால் நான் வந்திருப்பேன். இரண்டு பேரும் சேர்ந்தே வெளியே வந்திருப்போம்.

சிவப்புக் குறி போட வேண்டும் என்றால் போடுங்கள். என் அக்கா மேல் போடாதீர்கள். அந்தப் பெட்டிகள் மேல் போடுங்கள்.

யார் சொன்னது என்று கேட்டால் என் பேரைச் சொல்லுங்கள். விஸ்வநத்தம் ஆண்டிச்சாமி மகள் மாரிசெல்வி, அந்த ரூமில் இருந்தவள் என்று சொல்லுங்கள். நான் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும். வாய் வரவில்லை.

உடம்பு திரும்புவதற்கு முன்னால் கை வந்தது என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். அப்படித்தான் இருந்திருக்கும், மாமா.

செல்வி


சாலிகிராமம்
5 ஆகஸ்ட்

செல்வி,

உன் பேரைச் சொன்னேன்.

சங்கரபாண்டியன் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு, "பெட்டியக் காட்டுனா மொதலாளிமாரு மொகஞ் சுளிப்பாக" என்றார். நான், "சுளிக்கட்டும் சார், அவங்க வீட்டு வாசல்ல யாரும் பெட்டிய அடுக்கலையே" என்றேன். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. ஜெயச்சந்திரன் சார் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். கடைசியில் சங்கரபாண்டியன் ஒரு முடிவு சொன்னார். குறி பெட்டிகள் மேலேயே இருக்கட்டும். ஆனால் பெண் ஒன்று திரும்பி வருவதை எடுத்துவிட வேண்டும். "அந்த வேலைக்கு நாளைக்கும் போகவேண்டிய பொம்பளைக, தம்பி. பாத்தா மனசு தாங்காது." எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. உனக்கும் படும் என்று நம்பினேன்.

ஆகவே அவளுடைய கீக்கள் எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் தேர்ந்தெடுத்து அழித்தேன். இந்த முறை கையையும் விடாமல்.

இப்போது படத்துக்கு இரண்டாம் பாதி ஒன்று வேண்டும் என்கிறார்கள். வாசலில் பெட்டி இல்லாத ரூம். எல்லோரும் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். சீறல் கேட்கிறது. இரண்டு பெண்களும் சேர்ந்து வெளியே வந்து, வெடி வெடிப்பதற்கு முன்பே வேப்பமரத்தைத் தாண்டிவிடுகிறார்கள்.

இதற்கு என்னிடம் எதுவும் இல்லை. இனி உன்னிடம் எதுவும் கேட்க மாட்டேன் என்று எழுதியவன்தான் கேட்கிறேன். உனக்குப் பிடிக்காவிட்டால் விட்டுவிடு.

உன் அக்கா எப்படி நடப்பாள்?

பாலகுரு


விஸ்வநத்தம்
11 ஆகஸ்ட்

மாமாவுக்கு,

அவள் என்னோடு சேர்ந்து நடக்கவே மாட்டாள். எப்போதும் ஒரு எட்டு முன்னால்தான் போவாள், போய்க்கொண்டே தலையை மட்டும் திருப்பி, "நடக்கியா, ஊருதியா?" என்பாள். வலது கையில் தூக்குச்சட்டிப் பையை இடுப்போடு இறுக்கிப் பிடித்திருப்பாள், அதனால் இடது கை இரண்டு கைக்கும் சேர்த்து வீசும். ஆள் குட்டை, எட்டு மட்டும் பெரிது. குதிகாலில் செருப்பு அடிக்கும். சத்தம் உங்கள் படத்தில் வருமா? எனக்குக் கேட்காது, ஆனாலும் வையுங்கள்.

கம்பெனி கேட்டைத் தாண்டியதும் தலையில் கட்டிய துணியை அவிழ்த்துத் தொடையில் அடித்து உதறுவாள். மருந்தில் கலக்கிற வெள்ளிப்பொடி பறக்கும். வெயிலில் அது மினுங்கும்போது, "பாருடி, கலியாண வீட்டுல சந்தனம் தெளிக்காக" என்று சிரிப்பாள். அவளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த வருஷம் அது.

ரோட்டைக் கடக்கும்போது என் கையைப் பிடிக்க மாட்டாள், மணிக்கட்டைப் பிடிப்பாள். ஓடிப்போகிற ஆட்டைப் பிடிக்கிற மாதிரி.

எழுதியதும் வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன், மாமா. வேன் வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. எல்லோரும் இறங்கி முடிக்கும்வரை நின்றேன்.

நீங்கள் இங்கன இருந்திருக்கலாம்.

செல்வி


சாலிகிராமம்
30 ஆகஸ்ட்

செல்வி,

முடித்துக் கொடுத்துவிட்டேன். போனில் அனுப்ப மாட்டேன். உன் ஊரிலேயே முதலில் போடுவதாகச் சங்கரபாண்டியன் சொல்லியிருக்கிறார், அங்கே பெரிய திரையில் பார்.

நீ எழுதியபடி ஒவ்வொரு கீயாக வைத்தேன். மெஷின் நிரப்பிக் கொடுத்ததை எங்கேயும் நம்பவில்லை. வேப்பமரத்தைத் தாண்டி வந்தபிறகு அவள் துணியை உதறும் இடத்துக்கு மட்டும் ஒரு வாரம் போனது. ஃபைலில் 'பெண் ஒன்று' என்பதை அழித்துவிட்டுச் சின்னத்தாய் என்று மாற்றினேன். சார் பார்த்தார். ஒரு டீ வாங்கி வந்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

நீ இல்லாத வீட்டில் உன் அக்காவோடு இருந்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். அவள் தலையைத் திருப்பி உன்னைத் திட்டும் ஒவ்வொரு தடவையும், திட்டு வாங்குகிற உன் முகத்தை நான் வரைய வேண்டியிருந்தது. அந்த முகத்தைப் பார்க்காமல் இதற்கு மேல் என்னால் ஆகாது. நீ வரவில்லை என்றால் நான் அங்கே வந்துவிடுகிறேன். லோடு ஏற்றுவேன்.

பாலகுரு


விஸ்வநத்தம்
15 செப்டம்பர்

மாமாவுக்கு,

நேற்றுக் கல்யாண மண்டபத்தில் படம் போட்டார்கள். வேலை இல்லாத நாள், அதனால் கூட்டம். வடை கொடுத்தார்கள். பிள்ளைகள் திரையில் நிழல் காட்டி விளையாடிக்கொண்டிருந்தன. எனக்குச் சத்தம் கேட்காது என்பதால் நான் பாதி நேரம் திரையைப் பார்க்கவில்லை, ஆட்களின் முகத்தைத்தான் பார்த்தேன். பெட்டிகள் மேல் சிவப்புக் குறி விழுந்தபோது பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்வரிசையில் கம்பெனி மேஸ்திரி மொக்கைச்சாமி கீழே குனிந்து எதையோ தேடினார். எதுவும் விழவில்லை.

பிறகு அவர்கள் இரண்டு பேரும் வெளியே வந்தார்கள்.

அவள் ஒரு எட்டு முன்னால் வந்தாள், மாமா. தலையைத் திருப்பினாள். துணியை அவிழ்த்து உதறினாள். மின்னியது. நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன், என் சத்தம் எனக்கே தெரியாது, மற்றவர்களுக்குக் கேட்டுவிடுமே.

பக்கத்தில் அப்பா எழுந்து நின்றுவிட்டார். பின்னால் இருந்தவர்கள் உட்காரச் சொல்லிக் கையை ஆட்டினார்கள். அவர் உட்காரவில்லை. படம் முடிந்து விளக்குப் போட்டதும் படம் போட்ட பையனிடம் போய் ஏதோ கேட்டார். அந்தப் பையன் முதலில் சிரித்தான், அப்புறம் அப்பா முகத்தைப் பார்த்துவிட்டு அந்த இடத்தை இன்னொரு தடவை போட்டான். கூட்டம் வடையோடு போய்க்கொண்டிருந்தது. அப்பா மட்டும் திரைக்குக் கிட்ட நின்று பார்த்தார்.

வீட்டுக்கு வருகிற வழியில் என்னை நிறுத்தி, என் முகத்துக்கு நேரே வந்து, வார்த்தை வார்த்தையாகக் கேட்டார். "அவ நடைய மாப்பிள்ளைக்கு யாரு சொன்னது? நீயா?"

ரோட்டோரத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். சீறல், அவள் வெளியே வைத்த கால், என் பேர், முதுகில் அவள் கை. என் குரல் ஏறியதா இறங்கியதா தெரியாது. லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அப்பா என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என் முதுகைத் தொட்டுப் பார்த்தார். இந்த இடமா, இன்னும் மேலேயா என்று விரலால் கேட்டார். நான் காட்டிக்கொடுத்தேன். அங்கே கையை வைத்துக்கொண்டு அழுதார். அக்கா போன அன்றைக்குக்கூட அவர் அழுது நான் பார்க்கவில்லை.

இன்றைக்குக் காலையில் வேலைக்குப் போகவில்லை. சட்டையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறார். மதுரைக்கு அந்தப் பக்கம் போயிராத மனுசன், "மாப்பிள்ளை ஆபீசு எங்கன இருக்கு? எம்புட்டு நேரம் ஆகும்?" என்கிறார். சனிக்கிழமை ரயிலுக்கு இரண்டு டிக்கெட் எடுத்தாயிற்று. ஞாயிறு காலையில் எழும்பூரில் இறங்குவோம்.

ஆபீசில் கேட்டு அவருக்கு அதைத் திரும்பவும் போட்டுக் காட்டுங்கள். எத்தனை தடவை கேட்டாலும் காட்டுங்கள். முடிந்தால் அவள் திரும்பி உள்ளே வருகிற அந்தத் துண்டையும். நீங்கள் அதை முழுசாக அழித்திருக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும், உங்களைத் தெரியாதா எனக்கு? அவர் பார்க்கும்போது நீங்கள் ஒன்றும் விளக்க வேண்டாம். பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருங்கள், போதும்.

நானும் பார்க்கிறேன். எனக்கும் பக்கத்தில் ஆள் வேண்டும், மாமா.

செல்வி